சைஃபன் பிடிக்கவில்லையா, பிடித்தால் விடவில்லையா? வீட்டு அக்வாபோனிக்ஸில் வடிகால் கோளாறைச் சரிசெய்வது

மீன் தொட்டித் தண்ணீரைப் பம்பால் செடிகளுக்கு ஏற்றி மறுபடி மீனுக்கே திருப்பும் முறைதான் அக்வாபோனிக்ஸ். அதில் ஜல்லி நிரப்பிய செடித் தொட்டி நிரம்பியதும் தானாக வடியவைக்கும் குழாய் அமைப்பு பெல் சைஃபன். அது மக்கர் செய்தால் முதல் வேலையாக ஜல்லிக்குள் கையை விட்டு பெல்லைப் பிடுங்கி, இங்கே கொஞ்சம் அறுத்து, அங்கே கொஞ்சம் ஒட்டி, நடுக்குழாயின் உயரத்தை மாற்றிப் பார்ப்பவர்கள்தான் அதிகம். தயவுசெய்து அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். போன மாதம் வரை ஒழுங்காக ஓடிய சைஃபன் இப்போது தகராறு செய்கிறது என்றால், குழாயின் அளவு ராத்திரியோடு ராத்திரியாக மாறியிருக்காது. அநேகமாக மாறியிருப்பது தொட்டிக்குள் வரும் தண்ணீரின் வேகம். அதை அளக்காமல் குழாயில் கைவைத்தால், நன்றாக இருந்த சைஃபனையும் கெடுத்துக்கொண்டு, எதனால் கெட்டது என்றும் தெரியாமல் நிற்க வேண்டிவரும்.

எதை எப்படி அழைக்கிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். செடித் தொட்டியின் அடியிலிருந்து செங்குத்தாக நிற்கிற சிறிய குழாய், நடுக்குழாய். தண்ணீர் இதன் வாய் வரை ஏறி, இதன் வழியாகத்தான் கீழே மீன் தொட்டிக்கு இறங்குகிறது. அதன்மேல் கவிழ்த்து வைத்திருக்கிற, மேல்பக்கம் அடைத்த பெரிய குழாய்தான் பெல். அதன் அடி விளிம்பில் தண்ணீர் நுழையப் பள்ளங்கள் வெட்டியிருக்கும். இவை இரண்டையும் சுற்றி, ஜல்லியோ களிமண் உருண்டையோ உள்ளே விழாமல் தடுக்க, ஓட்டை போட்ட இன்னும் பெரிய ஒரு குழாய் இருக்கும். அது சல்லடைக் குழாய். வீட்டு அளவுத் தொட்டிக்கு நடுக்குழாய் 1 அங்குலம், பெல் அதைப்போல் இரண்டு மடங்கு, சல்லடைக் குழாய் 4 அங்குலம் என்பது பரவலாக வைக்கப்படும் அளவு.

இது வேலை செய்யும் விதம் ரொம்ப எளிமை. தண்ணீர் நடுக்குழாயின் வாயைத் தாண்டியதும் உள்ளே வழியத் தொடங்கும். வழியும் தண்ணீர் போதிய அளவு இருந்தால் பெல்லுக்குள் இருக்கும் காற்றைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். காற்று தீர்ந்ததும் குழாய் முழுக்கத் தண்ணீராகி, தொட்டியே உறிஞ்சப்படும். சைஃபன் பிடித்துவிட்டது என்பது இதைத்தான். தண்ணீர் பெல்லின் அடிப்பள்ளம் வரை இறங்கியதும் அந்த வழியாகக் காற்று நுழையும், உறிஞ்சல் அறுந்துபோகும், தொட்டி மறுபடி நிரம்ப ஆரம்பிக்கும். வரும் தண்ணீர் ரொம்பக் குறைவு என்றால் காற்றை இழுத்துப் போக வலுவில்லாமல் ஓரமாகவே வழிந்துகொண்டிருக்கும், சைஃபன் பிடிக்காது. ரொம்ப அதிகம் என்றால் பிடித்தபின் காற்று நுழையவே இடம் கிடைக்காது, விடாது. இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் உள்ள இடத்தில்தான் உங்கள் தண்ணீர் வேகம் இருக்க வேண்டும். நாம் செய்யப்போகிற திருத்தங்கள் எல்லாமே வேகத்தை அந்த இடத்துக்குக் கொண்டுவரும், அல்லது அந்த இடத்தையே கொஞ்சம் அகலமாக்கும்.

முதலில் வாளியும் கடிகாரமும்

செடித் தொட்டிக்குத் தண்ணீர் வரும் குழாயின் வாயில் 10 லிட்டர் வாளியைப் பிடியுங்கள், நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். இதைவிட உபயோகமான சோதனை வேறு கிடையாது. பம்ப் பெட்டியில் மணிக்கு 1000 லிட்டர் என்று அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம்; அது தண்ணீரை மேலே ஏற்ற வேண்டிய உயரம் எதுவும் இல்லாதபோது வரும் அளவு. ஒரு மீட்டர் ஏற்றினால் சின்ன பம்புகள் அதில் பாதியைக்கூடத் தராமல் போகலாம்.

எவ்வளவு வர வேண்டும்? தொட்டி 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், தண்ணீர் ஏறும் உயரம் 25 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி 180 லிட்டர், ஆனால் பெரும்பகுதியை ஜல்லி அடைத்திருக்கிறது. கல்லுக்கு இடையில் உள்ள காலியிடம் ஏறக்குறைய 40 சதவீதம், ஆக உண்மையில் நிற்கும் தண்ணீர் 72 லிட்டர். இது 12 நிமிடத்தில் நிரம்ப வேண்டுமானால் நிமிடத்துக்கு 6 லிட்டர், அதாவது உங்கள் 10 லிட்டர் வாளி 100 விநாடியில் நிரம்ப வேண்டும். அதே தொட்டி 3 நிமிடத்தில் வடிய வேண்டுமானால் அந்த 72 லிட்டரோடு, வடியும் நேரத்தில் வந்து சேரும் 18 லிட்டரும் சேர்ந்து 90 லிட்டர் வெளியேற வேண்டும். நிமிடத்துக்கு 30 லிட்டர். வடியும் வேகம் வரும் வேகத்தைப்போல் ஐந்து மடங்கு இருக்கும் இந்த மாதிரி அமைப்பு கொஞ்சம் அப்படி இப்படி ஆனாலும் தாங்கும். வடிவதும் வருவதும் கிட்டத்தட்ட சமமாக இருந்தால் தினமும் தலைவலிதான்.

ஒருமுறை அளந்தால் போதாது, இரண்டு தடவை அளக்க வேண்டும். செடித் தொட்டி நிரம்பப் போகிற நேரத்தில் ஒன்று, வடிந்து முடிந்தவுடன் ஒன்று. காரணம் இருக்கிறது. செடித் தொட்டியில் ஏறிய 72 லிட்டரும் மீன் தொட்டியிலிருந்து போனதுதானே. மீன் தொட்டி 100 செ.மீ.க்கு 60 செ.மீ. என்றால் அதில் தண்ணீர் மட்டம் 12 செ.மீ. இறங்கியிருக்கும். மட்டம் இறங்கினால் பம்ப் ஏற்ற வேண்டிய உயரம் கூடுகிறது, வரும் தண்ணீர் குறைகிறது. ஆக, சைஃபன் பிடிக்க நல்ல ஓட்டம் தேவைப்படும் அந்த நேரத்தில்தான் ஓட்டம் ஆகக் குறைவாக இருக்கிறது. வடிந்து முடியும்போது மீன் தொட்டி நிறைந்திருக்கிறது, பம்ப் சுலபமாகத் தள்ளுகிறது. சைஃபன் அறுந்துபோக ஓட்டம் குறைய வேண்டிய நேரத்தில் ஓட்டம் ஆக அதிகம். சின்ன மீன் தொட்டி, சக்தி குறைந்த பம்ப், பெரிய செடித் தொட்டி என்று அமைந்துவிட்டால் இந்த வித்தியாசம் ஒன்றே இரண்டு கோளாறையும் மாறி மாறிக் கொடுக்கும். வெயில் காலத்தில் மீன் தொட்டியின் தண்ணீர் ஆவியாகி இறங்கியதும் சைஃபன் பிடிக்காமல் போவதும், தண்ணீர் விட்டு நிரப்பியதும் தானாகச் சரியாவதும் இதனால்தான். மீன் தொட்டியில் ஒரு கோடு போட்டு வைத்து, அந்த மட்டத்தை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகம் குறைந்திருக்கிறது என்று வாளி சொல்லிவிட்டால் பம்பைக் கழற்றிப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தண்ணீரில் கைவைக்க வேண்டும், இதில் சமாதானமே வேண்டாம். உறிஞ்சும் பக்கத்து வலையில் மீன் கழிவும் பாசியும் அப்பியிருக்கும். உள்ளே சுழலும் இறகைச் சுற்றி முடி மாதிரி வேர்த் துணுக்கோ நத்தையோ சிக்கியிருக்கும். மேலே ஏறும் குழாயின் உட்சுவரைத் தொட்டுப் பாருங்கள், வழவழவென்று ஒரு படலம் படிந்திருந்தால் அதையும் நீளமான பிரஷ் விட்டுத் தேய்த்து எடுங்கள். இந்த ஒரு சுத்தத்திலேயே பாதிப் பேருக்கு மேல் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது என் கருத்து.

பிடிக்காத சைஃபன்

அறிகுறி எளிது: தொட்டி நிறைந்து நிற்கிறது, கீழே வெளிவாயில், அதாவது வடிகுழாய் மீன் தொட்டிக்கு மேலே முடியும் இடத்தில், சன்னமாகத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கிறது. ஜல்லிக்குள் காற்று போகவில்லை என்று அர்த்தம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றித் தரும் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் வேண்டும், வேருக்கும் வேண்டும். நாள்கணக்கில் இப்படி நின்றால் ஜல்லியைக் கிளறும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும். அந்த அளவுக்கு விடாதீர்கள்.

வேகம் சரியாக இருந்தும் பிடிக்கவில்லையா? வெளிவாயை உள்ளங்கையால் இரண்டு மூன்று விநாடி மூடிவிட்டுத் திறந்து பாருங்கள். உடனே ‘கடகட’வென்று முழு வேகத்தில் வடியத் தொடங்கி, கடைசிவரை வடிந்தால் உங்கள் பெல் நன்றாக இருக்கிறது, கீழே தண்ணீருக்குக் கொஞ்சம் தடை போதவில்லை, அவ்வளவுதான். நேராகக் கீழே இறங்கும் குழாயில் தண்ணீர் தங்காமல் விழுந்துவிடுவதால் குழாய் நிறைவதே இல்லை. தொட்டிக்கு அடியில் ஒரு 90 டிகிரி எல்போ போடுங்கள், அதற்கப்புறம் சின்னத் துண்டு குழாய். பத்தாவிட்டால் இன்னொரு எல்போ. அந்த வளைவில் தண்ணீர் ஒரு கணம் தேங்கி, கீழேயிருந்து காற்று திரும்பி ஏறாமல் அடைத்துக்கொள்ளும், சைஃபன் பிடிக்கும். மூன்றாவது எல்போவுக்குப் போகாதீர்கள், வடியும் வேகம் குறைந்து எதிர்க் கோளாறு ஆரம்பிக்கும்.

கையால் மூடித் திறந்ததும் பிடித்தது, ஆனால் பாதியில் அறுந்தது என்றால் பெல்லில் எங்கேயோ காற்று கசிகிறது. பெல்லை வெளியே எடுத்துத் தலைகீழாகப் பிடித்து, தண்ணீர் ஊற்றி, வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்துவிட்டுச் சற்று நேரம் பாருங்கள். மூடி சேரும் இடத்தில் ஒரு துளி துளிர்த்தாலும் அங்கேதான் கசிவு. மூடியைச் செருகி மட்டும் வைத்திருந்தால் போதாது, பிவிசி பசையோ டெஃப்லான் டேப்போ வேண்டும். பசை போட்டால் நன்றாகக் காயவிட்டுக் கழுவிய பிறகுதான் தொட்டிக்குள் வைக்க வேண்டும், மீன் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. சிலிகான் என்றால் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காததாகப் பார்த்து வாங்குங்கள்.

எப்போதும் வேகம் குறைவான எல்லையிலேயே ஓட வேண்டிய அமைப்புக்கு நல்ல மருந்து, நடுக்குழாயின் தலையில் புனல் மாதிரி ஒரு ரெடியூசர் வைப்பது. 1 அங்குலக் குழாய்க்கு 2 அங்குல வாய். அகலமான வாயின் சுற்று முழுவதிலும் இருந்து தண்ணீர் ஒரே நேரத்தில் வழிந்து, குறுகலான குழாய்க்குள் வந்து அடைத்துக்கொள்ளும், அதனால் குறைந்த ஓட்டத்திலேயே காற்று போய்விடும். ஆனால் புனலைச் சுற்றி பெல்லுக்குள் தண்ணீர் ஏறத் தாராளமாக இடம் இருக்க வேண்டும், அதனால் பெல்லும் 3 அங்குலம் ஆக வேண்டிவரும். வாய்க்கும் பெல்லின் கூரைக்கும் நடுவே இரண்டு மூன்று செ.மீ. விட்டால் போதும். அதிகம் விட்டால் அவ்வளவு காற்றையும் இழுத்து வெளியேற்றிய பிறகுதான் பிடிக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள்: வெளிவாய் மீன் தொட்டித் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கிறதா? பெல்லில் உள்ள காற்று போக அதுதான் வழி. மீன் தொட்டி நிறைந்திருக்கும் நேரத்திலும் வெளிவாய் தண்ணீருக்கு மேலேயே இருக்கும்படி வெட்டிவிடுங்கள். விழும் தண்ணீர் மீனுக்கு ஆக்சிஜனும் சேர்க்கும்.

உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்க்க ஆசை இருந்தால், கொஞ்சம் தடித்த, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பாட்டிலின் வாய்ப்பக்கத்தை அறுத்துவிட்டு, பெல்லுக்குப் பதிலாகக் கவிழ்த்து வையுங்கள். தண்ணீர் முதலில் நடுக்குழாயின் சுவரை ஒட்டி மெல்லிய படலமாக இறங்கும், நடுவில் காற்றுப் பள்ளம் தெரியும். பிறகு குமிழ்கள் அந்தப் பள்ளத்துக்குள் இழுபடும், பாட்டிலுக்குள் மட்டும் தண்ணீர் வெளியே இருப்பதைவிட உயரமாக ஏறும், பள்ளம் மூடும், அந்த நொடியில் சத்தமே மாறிவிடும். எந்தக் கட்டத்தில் சிக்கிக்கொள்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் ஊகிக்க வேண்டிய வேலையே இல்லை.

விடாத சைஃபன்

தொட்டி வடிந்துவிட்டது, ஆனால் நிரம்பவே மாட்டேன் என்கிறது. அடியில் கொஞ்சம்தான் தண்ணீர் நிற்கிறது, வெளிவாயில் காற்றும் தண்ணீரும் கலந்து ‘கொளகொள’ என்று வந்துகொண்டே இருக்கிறது. வருவதெல்லாம் அப்படியே வெளியேறுகிறது. இது பிடிக்காத கோளாறைவிட அவசரமானது, ஏனென்றால் மேல்வேர்கள் காய்ந்துபோகும், நாற்றுகள் முதலில் வாடும்.

பெல்லை ஒரு விரல் அளவு தூக்கிப் பிடியுங்கள். அறுந்துவிட்டால், அடிப்பள்ளங்கள் சிறியவை அல்லது கசடு அடைத்திருக்கின்றன. பள்ளங்களைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள், தேவைப்பட்டால் 1 முதல் 2 செ.மீ. உயரம் வருமாறு பெரிதாக்குங்கள். எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் வெட்ட வேண்டும். ஒன்று மட்டும் மேலேறியிருந்தால் அதில் காற்று சொட்டுச் சொட்டாக நுழையும். அப்படி அரைகுறையாக நுழையும் காற்றைத் தண்ணீர் இழுத்துக்கொண்டே போய்விடும், உறிஞ்சல் அறுபடாது. காற்று ஒரே மடக்காக உள்ளே போனால்தான் அறும்.

அப்படி ஒரே மடக்காகக் காற்று போக ஒரு வழி உண்டு, விடாத சைஃபனுக்கு நான் அதிகம் நம்புவது இதைத்தான். பெல்லின் கூரையில் துளை போட்டு, 6 முதல் 10 மி.மீ. உள்ள வளையும் டியூபைக் காற்று புகாமல் பொருத்தி, பெல்லின் வெளிப்பக்கமாகக் கீழே கொண்டுவந்து, அடிப்பள்ளத்தின் மேல்விளிம்புக்கு நேராக அதன் நுனியை நிறுத்துங்கள். தண்ணீர் அந்த நுனிக்குக் கீழே இறங்கியதும் காற்று நேராகப் பெல்லின் உச்சிக்கே போய்விடும். நுனியை ஒரு சின்னக் கிண்ணத்துக்குள், அதாவது ஒரு குழாய் மூடிக்குள் இருக்கும்படி வைத்தால் இன்னும் நல்லது. வெளியே மட்டம் இறங்கிய பிறகும் கிண்ணத்தில் தண்ணீர் இருக்கும். அது தீர்ந்ததும் டியூப் முழுசாகத் திறந்துகொள்ளும், இழுபறியே இருக்காது. ஆனால் இந்த டியூப் பொருத்திய இடம் கசிந்தால் சைஃபன் பிடிக்கவே பிடிக்காது, அதனால் மேலே சொன்ன தலைகீழ்ச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

தூக்கிப் பார்த்தும் அறவில்லை என்றால் வரும் வேகம்தான் அதிகம். வால்வைத் திருகிக் குறைக்கலாம், ஆனால் பம்ப் குழாயிலேயே ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு, மிஞ்சும் தண்ணீரை நேராக மீன் தொட்டிக்கே திருப்பிவிடுவது எனக்குப் பிடித்த வழி. மீனுக்கு நீர்ச்சுழற்சி குறையாது, செடித் தொட்டிக்கு வேண்டிய அளவு மட்டும் போகும். பாதி திறந்த வால்வின் இடுக்கில் கசடு சேர்ந்து ஓட்டம் மெல்லக் குறைவதும் தவிர்க்கப்படும். கீழே வடிகுழாய் ரொம்ப நீளமாகப் படுக்கையாகப் போனாலும் சைஃபன் விடாது. அப்படி இருந்தால் குழாயைக் குறுக்குங்கள், அல்லது படுக்கைப் பகுதியைப் பெரிய குழாயாக மாற்றிச் சரிவு கொடுங்கள்.

பாதியில் அறுந்தால்

இது பலரையும் குழப்பும் கோளாறு. சைஃபன் நன்றாகப் பிடிக்கிறது, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அறுந்துவிடுகிறது, ஆனால் ஜல்லிக்குள் பாதித் தண்ணீர் அப்படியே இருக்கிறது. வடிகிற நேரத்தில் சல்லடைக் குழாயின் உள்ளேயும், ஜல்லியில் சின்னக் குழி தோண்டி வெளியேயும் மட்டத்தைப் பாருங்கள். உள்ளே தரைதட்டி, வெளியே உயரமாக இருந்தால் சல்லடையின் ஓட்டைகள் அடைத்திருக்கின்றன. தக்காளி, புதினா போன்றவற்றின் வேர்கள் இந்த ஓட்டைகளைத் தேடி வரும், உள்ளே மெத்தை மாதிரி பின்னிக்கொள்ளும். கத்தியால் உட்சுவரைச் சுற்றி வழித்து எடுங்கள். ஓட்டைகள் அடிவரை இருக்கட்டும், மேலே மட்டும் போட்டுப் பயனில்லை. பெரிதாக வேர்விடும் செடிகளைச் சல்லடையிலிருந்து ஒரு முழம் தள்ளி நட்டால் இந்த வேலை அடிக்கடி வராது.

இதோடு சேர்த்து ஒரு சிறு சோதனை: தொட்டி பாதி நிறைந்திருக்கும்போது பம்பை நிறுத்திவிட்டு வெளிவாயைப் பாருங்கள். சொட்டிக்கொண்டிருந்தால் நடுக்குழாய் தரையில் பொருந்தும் இடத்தில் கசிகிறது. வரும் தண்ணீரில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுவதால் சைஃபன் பிடிக்கத் தேவையான வேகம் கிடைக்காது. வாஷரை மாற்றுங்கள். பித்தளை, செம்பு இணைப்புகளைத் தவிர்க்கவும், செம்பு மீனுக்கு விஷம்.

எதைத் திருத்தினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, நாலைந்து சுற்று ஓடவிட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒரே பம்பிலிருந்து இரண்டு செடித் தொட்டிக்குத் தண்ணீர் பிரித்திருந்தால் ஒன்றின் வால்வைத் தொட்டதுமே மற்றதன் வேகம் மாறும், அதனால் இரண்டையும் மறுபடி வாளி பிடித்து அளக்க வேண்டும். பம்பை நிறுத்தி வேலை செய்யும் நேரம் முழுக்க மீன் தொட்டியில் காற்று பம்ப் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

கோளாறு இரவில் நடந்தால் மீனைக் காப்பாற்ற இரண்டு ஏற்பாடுகள் கட்டாயம் வேண்டும். செடித் தொட்டியின் விளிம்புக்குக் கீழே, நடுக்குழாயின் வாய்க்கு இரண்டு மூன்று செ.மீ. மேலே, மீன் தொட்டிக்குத் திரும்பும் ஒரு தனி வழிகால் குழாய் வையுங்கள். நடுக்குழாய் முழுசாக அடைத்துக்கொண்டாலும் தண்ணீர் தரையில் கொட்டாது. பம்பை மீன் தொட்டியின் அடியில் வைக்காமல், அதன் உறிஞ்சும் வாய்க்குக் கீழே மீன் உயிர் பிழைக்கப் போதுமான தண்ணீர் மிஞ்சும் உயரத்தில் வையுங்கள். அப்போது மொத்தத் தண்ணீரையும் பம்ப் வெளியே இறைத்துவிட வழியே இல்லை.

இவ்வளவும் செய்து பார்த்தும் சைஃபன் அடங்கவில்லை, அல்லது உங்கள் மின்சாரம் ஏறி இறங்கி பம்பின் வேகம் நிலையாக இல்லை என்றால், பெல்லை எடுத்துவிட்டு டைமருக்கு மாறிவிடலாம், அதில் எந்தக் குறைச்சலும் இல்லை. நடுக்குழாயின் அடியில் 6 மி.மீ. அளவில் ஒன்றிரண்டு துளை போடுங்கள். பம்ப் 15 நிமிடம் ஓடும், 45 நிமிடம் நிற்கும். ஓடும்போது துளையில் போவதைவிட அதிகம் வருவதால் தொட்டி நிரம்பும், மிஞ்சியது குழாயின் வாய் வழியாக வழியும். நின்றதும் துளை வழியாக மெதுவாக வடிந்துவிடும். 15 நிமிடத்துக்குள் நிரம்பவில்லை என்றால் துளை பெரிது, 45 நிமிடத்துக்குள் வடியவில்லை என்றால் சிறிது. வாரம் ஒருமுறை அந்தத் துளையில் ஒரு கம்பியை விட்டு எடுத்தால் போதும்.